காலையில விரல் மடங்கலையா? ‘செட் மாத்திரை’ வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க!

காலை 5.30 மணி. அலாரம் அடிக்குது. போனை எடுத்து நிறுத்தணும். ஆனா, ராத்திரியோட ராத்திரியா யாரோ மாவுக்கட்டு போட்டுவிட்ட மாதிரி வலது கை விரல்கள் விறைச்சுக் கிடக்கு. இடது கையால முயற்சி பண்றீங்க, அதுவும் அப்படித்தான். பேஸ்ட் மூடியைத் திருக முடியலை. சட்டைப் பட்டன் போட அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கு. ஒன்பது மணி வாக்குல விரல்கள் கொஞ்சம் கொஞ்சமா இளகி, மதியத்துக்குள்ள எல்லாம் சரியான மாதிரி ஆயிடுது. ‘படுத்த வாக்கு சரியில்லைபோல’ன்னு விட்டுடறீங்க.

மறுநாளும் அதே. மூணாவது வாரமும் அதே. அதுக்குள்ள தெருமுனை மெடிக்கல்ல ‘கை வலி’ன்னு சொல்லி ரெண்டு நாளைக்கு செட் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பீங்க. வலி மாயமா மறைஞ்சிருக்கும். மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்திருக்கும்.

இது உங்களுக்கோ உங்க வீட்டுல யாருக்கோ நடந்துக்கிட்டு இருந்தா, இந்தக் கட்டுரையை ஸ்க்ரோல் பண்ணித் தள்ளாம படிங்க. மருத்துவத்துல இதுக்கு ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’னு பேர். தமிழ்ல முடக்குவாதம். நம்ம பாட்டிகள் ‘சரவாங்கி’ன்னு சொல்வாங்க. பேரைக் கேட்டதும் வயசானவங்க வியாதின்னு தோணும். ஆனா, பெரும்பாலும் 30 வயசுல இருந்து 60 வயசுக்குள்ளதான் இது தலைகாட்டும், இருபதுகள்லயும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2019-ல உலகம் முழுக்க சுமார் 1.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதுல 70 சதவிகிதம் பேர் பெண்கள்.

தேய்மானம் வேற, இது வேற!

‘மூட்டு வலி’ங்கிற ஒரே வார்த்தையில நாம பல வியாதிகளைப் போட்டு அடைச்சு வெச்சிருக்கோம். பாட்டிக்கு முழங்கால் வலிக்கிறது பெரும்பாலும் தேய்மானம். வருஷக்கணக்குல உழைச்ச மூட்டோட குருத்தெலும்பு தேய்ஞ்சுபோறது. அது நடந்தா வலிக்கும், உக்காந்தா குறையும். காலையில கொஞ்சம் விறைப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள்ள விட்டுடும்.

முடக்குவாதம் நேர் தலைகீழ். இதுல ஓய்வுதான் எதிரி. தூங்கி எழுந்ததும் விறைப்பு உச்சத்துல இருக்கும். ஒரு மணி நேரம், சிலருக்கு மூணு மணி நேரம்கூட நீடிக்கும். அசைய அசையத்தான் இளகும். எண்ணூர், மணலிப் பக்கம் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்க இங்க ஒண்ணைக் கவனிக்கணும். ‘காலையில விறைப்பு இருக்கா?’ன்னு டாக்டர் கேட்டா, ‘இல்லை சார், காலையில நல்லாத்தான் இருக்கேன்’னு சொல்லிடாதீங்க. நீங்க காலையில தூங்கப்போற ஆள். மதியம் ரெண்டு மணிக்கு எழுந்திருக்கும்போது எப்படி இருக்குங்கிறதுதான் உங்க பதில்.

இன்னொரு அடையாளம், எந்த மூட்டுங்கிறது. முடக்குவாதம் பெரும்பாலும் சின்ன மூட்டுகள்ல ஆரம்பிக்கும்: மணிக்கட்டு, விரல்கள் உள்ளங்கையோட சேர்ற முட்டிகள், விரலோட நடு மூட்டு, பாதத்துல விரல்கள் தொடங்குற இடம். நகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடைசி மூட்டை வழக்கமா விட்டுவெச்சிடும். அங்க முண்டு முண்டா இருந்தா அது தேய்மானமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வலது கைக்கு வந்தா இடது கைக்கும் வரும். கை குலுக்கும்போது முட்டிகளை லேசா அழுத்தினாலே ‘ஸ்ஸ்ஸ்’னு இழுத்துக்கிறீங்களா? காலையில தரையில காலை வைக்கும்போது கூழாங்கல்லு மேல நடக்கிற மாதிரி இருக்கா? மோதிரம் திடீர்னு இறுக்கமாயிடுச்சா? இதெல்லாம் ஆறு வாரத்துக்கு மேல நீடிச்சா சும்மா விடக் கூடாது.

உள்ளே என்ன நடக்குதுன்னா, கிருமியைத் தாக்கவேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் ஆள் அடையாளம் தெரியாம சொந்த மூட்டையே தாக்குது. ஒவ்வொரு மூட்டுக்குள்ளயும் ‘சினோவியம்’னு ஒரு மெல்லிய உறை இருக்கு. மூட்டுக்கு எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைச் சுரக்கிறது அதோட வேலை. அந்த உறை வீங்கித் தடிச்சு, களை மாதிரி வளர்ந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிக்கும். மூட்டைப் பிடிச்சிருக்கிற நார்கள் தளர்ந்துபோகும். சிகிச்சை எடுக்காதவங்களோட விரல்கள் சுண்டுவிரல் பக்கமா வரிசையா சாயறது அதனாலதான். வீக்கத்தைக் குறைக்க முடியும். அரிச்ச எலும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நிறைய பேருக்கு முதல் ரெண்டு வருஷத்துக்குள்ளயே எக்ஸ்ரேயில அரிப்பு தெரிய ஆரம்பிச்சிடும். அதனாலதான் முதல் மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள சரியான மருந்தைத் தொடங்கணும்னு டாக்டர்கள் தலையால தண்ணி குடிக்கிறாங்க.

செட் மாத்திரையோட மாயம்

இப்போ அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு வருவோம். ராயபுரமோ, தண்டையார்பேட்டையோ, திருவொற்றியூரோ, எந்தத் தெருவுல கேட்டாலும் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க’ன்னா நாலு கலர்ல மாத்திரையைக் கத்தரிச்சு ஒரு சின்னக் கவர்ல போட்டுத் தரும் கடை ஒண்ணு இருக்கும். அதுல என்ன மருந்துன்னு கவர்ல எழுதியிருக்காது. பெரும்பாலும் ஒரு வலி நிவாரணி, ஒரு அல்சர் மாத்திரை இருக்கும். பல நேரம் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ, அதாவது ஸ்டீராய்டும் இருக்கும். வலியைக் காணாமப் போகவைக்கிறது அந்தக் கடைசி ஆள்தான்.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பிலிப் ஹென்ச்னு ஒரு டாக்டர். முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தா மூட்டு வலி குறையுறதை 1929-ல கவனிச்சார். பெண்கள் கர்ப்பமா இருக்கும்போதும் வலி குறையுறதைப் பார்த்தார். அப்போ உடம்புக்குள்ளயே ஏதோ ஒரு பொருள் இந்த நோயை அடக்குதுன்னு யூகிச்சு, அதைத் தேடி வருஷக்கணக்குல அலைஞ்சார். 1948 செப்டம்பர்ல, படுக்கையில புரளக்கூட முடியாத ஒரு இளம்பெண்ணுக்கு அவரோட குழு கார்ட்டிசோன் ஊசி போட்டது. சில நாள்லயே அந்தப் பெண் எழுந்து நடந்து, கடைத்தெருவுக்கே போயிட்டு வந்தார். உலகமே அசந்துபோச்சு. ரெண்டே வருஷத்துல, 1950-ல, ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல் பரிசு.

ஆனா, கொண்டாட்டம் அடங்குறதுக்குள்ள மறுபக்கம் தெரிய ஆரம்பிச்சது. முகம் நிலா மாதிரி உப்பிச்சு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறிச்சு. எலும்பு பலவீனமாச்சு, கிருமித் தொற்று சுலபமா ஒட்டிக்கிச்சு. மருந்தை நிறுத்தினதும் வலி திரும்பி வந்துச்சு. இன்னிக்கும் டாக்டர்கள் ஸ்டீராய்டு தர்றாங்க. ஆனா குறைஞ்ச அளவுல, குறைஞ்ச காலத்துக்கு, முக்கிய மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு பாலம் மாதிரி. செட் மாத்திரையில அந்தப் பாலம் மட்டும்தான் இருக்கு, அந்தப்பக்கம் கரை இல்லை. வலி போனதும் நோய் போயிடுச்சுன்னு நம்புவீங்க. கண்ணுக்குத் தெரியாம எலும்பு அரிச்சுக்கிட்டே இருக்கும். மாசக்கணக்குல அதைப் போட்டுக்கிட்டு இருந்துட்டு, ஒருநாள் படக்குனு நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டு அதுக்குள்ள படுத்துப்போயிருக்கும். மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் சரியுறதுன்னு உயிருக்கே பிரச்னையாகலாம். ரொம்ப நாளா செட் மாத்திரை சாப்பிடுறவங்க அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லி, படிப்படியாத்தான் குறைக்கணும். தினமும் வலி நிவாரணி போடுறவங்களோட கிட்னிக்கும் வயிற்றுக்கும் என்ன ஆகும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

பேரே இல்லாத ‘மூட்டுவலிப் பொடி’களும் இதே கதைதான். ரெண்டே வேளையில வலி பறந்துடுச்சுன்னா, அது மூலிகையோட வேகமில்லைன்னு சந்தேகப்படுங்க. சித்த மருத்துவம் பார்க்கணும்னு நினைச்சா, பதிவு பெற்ற சித்த மருத்துவர்கிட்ட போங்க; ரெண்டு பக்கம் சாப்பிடுற மருந்தையும் ரெண்டு பக்கமும் சொல்லுங்க. முடக்கத்தான் கீரை தோசை? தாராளமா சாப்பிடுங்க. முடக்கை அறுப்பதுன்னு பேருலயே சொல்லிவெச்சிருக்காங்க, ருசியும் நல்லா இருக்கும். ஆனா அது தோசை. மாத்திரைக்குப் பதில் கிடையாது.

ஏன் எனக்கு?

நோய் உறுதியானதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. நேர்மையான பதில், ஒரே காரணம்னு எதையும் கைகாட்ட முடியாது. பரம்பரைக்குப் பங்கு இருக்கு, ஆனா தலையெழுத்து இல்லை. ஒரே கருவுல பிறந்த, ஒரே மாதிரி மரபணு இருக்கிற இரட்டையர்ல ஒருத்தருக்கு இந்த நோய் வந்தா, மத்தவருக்கும் வர்ற வாய்ப்பு சுமார் 15 சதவிகிதம்தான். மீதி, வாழ்ற சூழல்லயும் பழக்கத்துலயும் இருக்கு.

அதுல ரொம்பத் தெளிவா நிரூபணமான குற்றவாளி, சிகரெட்டும் பீடியும். புகைக்கிறவங்களுக்கு நோய் வர்ற வாய்ப்பும் அதிகம், வந்தா தீவிரமும் அதிகம், மருந்தும் சரியா கேட்காது. ஈறு நோய்க்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. அதனால பல் டாக்டரைப் பார்க்கிறதும் மூட்டு வைத்தியத்துல சேர்த்தி.

அடுத்தது தூசி. வடசென்னைக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராயபுரத்துல மொட்டை மாடியில காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் கறுப்பா வந்த காலத்தை உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க. 2011-ல உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி கையாளுறது நின்னு, அது எண்ணூர்ப் பக்கம் போச்சு. எண்ணூர்ல அனல்மின் நிலையச் சாம்பல் தனிக் கதை. தூசிக்கும் முடக்குவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? 1953-ல பிரிட்டன்ல ஆன்டனி கேப்லன்னு ஒரு டாக்டர், வேல்ஸ் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை ஆராய்ஞ்சப்போ, முடக்குவாதம் இருக்கிறவங்க நுரையீரல்ல விசித்திரமான கட்டிகளைப் பார்த்தார். இன்னிக்கும் அதுக்கு ‘கேப்லன் சிண்ட்ரோம்’னுதான் பேர். சிலிக்கா தூசி, அதாவது கல், மணல், கான்கிரீட் அறுக்கும்போது பறக்கிற பொடி, நோய் வர்ற வாய்ப்பைக் கூட்டும்னு சுவீடன் ஆய்வுகள் காட்டியிருக்கு. புகைப்பழக்கமும் சேர்ந்தா இன்னும் மோசம். மலேசியாவுல பெண்கள்கிட்ட நடந்த ஆய்வுல துணித் தூசிக்கும் தொடர்பு தெரிஞ்சது.

இதை வெச்சு ‘எண்ணூர் புகைதான் எங்கம்மாவுக்கு வாதத்தைக் கொடுத்துச்சு’ன்னு தீர்ப்பு எழுதிட முடியாது. ஆனா சாண்ட் பிளாஸ்டிங், கல் அறுக்கிறது, கட்டட வேலை, தையல் யூனிட்னு தூசியில வேலை பார்க்கிறவங்க மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு சமாளிக்காம, நல்ல மாஸ்க் கேட்டு வாங்கிப் போடுங்க. டாக்டர்கிட்ட போகும்போது என்ன வேலை பார்க்கிறீங்கன்னு தெளிவா சொல்லுங்க. முடக்குவாதம் நுரையீரலையும் தொடும் நோய்ங்கிறதால, ரெண்டு பக்கமும் அடிவாங்குற ஆள் நீங்க.

சிக்குன்குனியா போட்ட குழப்பம்

கொசு இல்லாம வடசென்னைக் கட்டுரை முடியுமா? 2006-ல தமிழ்நாட்டையே முடக்கிப்போட்ட சிக்குன்குனியாவை வீட்டுல கேட்டுப்பாருங்க, கதை கதையா சொல்வாங்க. 1960-களோட நடுவுலயும் சென்னை அதைப் பார்த்திருக்கு. தான்சானியாவுல மக்கொண்டே மொழியில அந்தப் பேருக்கு ‘வளைஞ்சுபோறது’ன்னு அர்த்தம். காய்ச்சல் ஒரு வாரத்துல போயிடும். மூட்டு வலி சிலருக்கு மாசக்கணக்குல, ஏன் வருஷக்கணக்குலகூட இழுக்கும். ரெண்டு கையிலயும் சின்ன மூட்டுகள் வீங்கி, காலையில விறைச்சு, அச்சு அசலா முடக்குவாதம் மாதிரியே இருக்கும். அனுபவமுள்ள டாக்டருக்கே யோசிக்கவைக்கும் ஆள்மாறாட்டம் இது.

அதனால ‘எப்போ ஆரம்பிச்சுது?’ன்னு டாக்டர் கேட்கும்போது தேதி முக்கியம். அதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்ததா, வீட்டுல வேற யாருக்கும் வந்ததா, உடம்புல தடிப்பு இருந்ததா எல்லாத்தையும் சொல்லுங்க. அதே நேரம், ‘சிக்குன்குனியா வலிதான், போகப்போகச் சரியாயிடும்’னு ஒரு வருஷம் உக்காந்திருக்கவும் கூடாது. ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் இருந்தா பரிசோதனை பண்ணிடணும்.

ரிப்போர்ட்டை கூகுள்ல தேடாதீங்க

‘ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்’னு ரிப்போர்ட்ல பார்த்ததும் அழுகிறவங்க உண்டு. ‘நெகட்டிவ்’னு வந்ததும் டாக்டரையே விட்டுட்டுப் போறவங்களும் உண்டு. ரெண்டும் தப்பு. இந்த நோயே இல்லாத ஆரோக்கியமான வயசானவங்களுக்கும், வேற சில தொற்றுகள் இருக்கிறவங்களுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவா வரலாம். அதே மாதிரி, உண்மையிலேயே முடக்குவாதம் இருக்கிறவங்கள்ல சுமார் 20, 30 சதவிகிதம் பேருக்கு அது நெகட்டிவாவே இருக்கும். ‘ஆன்ட்டி சி.சி.பி.’ங்கிற டெஸ்ட் இதைவிட நம்பகமானது. அது பாசிட்டிவா இருந்தா நோய் தீவிரமாகிற வாய்ப்பு அதிகம்னும் ஒரு முன்னறிவிப்பு. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரெண்டும் உடம்புல எவ்வளவு அழற்சி இருக்குன்னு காட்டும், எதனாலன்னு காட்டாது. எக்ஸ்ரே ஆரம்பத்துல சுத்தமா இருக்கிறது சகஜம். எந்த மூட்டு, எத்தனை மூட்டு, எத்தனை வாரம், ரத்தம் என்ன சொல்லுதுன்னு எல்லாத்துக்கும் மார்க் போட்டுக் கூட்டித்தான் டாக்டர் முடிவெடுப்பார். உங்க மூட்டை அழுத்திப் பார்க்காம வெறும் ரிப்போர்ட்டை வெச்சு மட்டும் யாராவது முடிவு சொன்னா, இன்னொருத்தரைப் பாருங்க.

யாரைப் பார்க்கணும்? மூட்டுன்னாலே எலும்பு டாக்டர்கிட்ட போறோம். இதுக்குன்னு தனியா ‘ருமட்டாலஜிஸ்ட்’ இருக்காங்க. வடசென்னைக்காரங்க ஒருவிதத்துல கொடுத்துவெச்சவங்க. பழைய ஆட்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ன்னு சொல்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனையில ருமட்டாலஜி பிரிவு இருக்கு. சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில, சென்னை மருத்துவக் கல்லூரியோட ருமட்டாலஜி துறை இந்தியாவுல இந்தத் துறைக்கான முன்னோடிகள்ல ஒண்ணு. தனியார்ல மாசம் பல ஆயிரம் செலவு பண்ணி, பாதியில விட்டுட்டு, கை கோணினதுக்கப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருது. முதல்லயே வந்திருக்கலாம். வரிசை நீளம்தான், ஆனா இந்த வரிசையில நிக்கிறதுல அர்த்தம் இருக்கு.

வாரத்துக்கு ஒருநாள். ஒரே ஒருநாள்!

முடக்குவாதத்துக்கு முதுகெலும்பான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். 1940-களோட கடைசியில புற்றுநோய்க்குன்னு வந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால நெட்ல தேடினா ‘கேன்சர் மருந்து’ன்னு வரும், பயந்துபோய் நிறுத்திடுவாங்க. இங்க தர்ற அளவு ரொம்பக் குறைவு. வேலை காட்ட ஆறுல இருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ரெண்டு நாள்ல வலியைத் தூக்குற செட் மாத்திரைக்குப் பழகினவங்களுக்கு இந்த மூணு மாசம்தான் பெரிய சோதனை. ‘ஒண்ணும் கேட்கலை’ன்னு விட்டுட்டுப் போறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

இன்னொரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒருநாள் போடுற மருந்து. மத்த மாத்திரை மாதிரி தினமும் போட்டா வாய்ப்புண்ணுல ஆரம்பிச்சு, எலும்பு மஜ்ஜை முடங்கி, உயிரே போகலாம். இந்தத் தப்பு உலகம் முழுக்க திரும்பத் திரும்ப நடந்திருக்கு. உங்கம்மாவுக்கு இந்த மருந்து எழுதியிருந்தா, டாக்டர் சொன்ன கிழமையை போன்ல ரிமைண்டராப் போடுங்க. மாத்திரை அட்டை மேல அந்தக் கிழமையைத் தமிழ்ல பெரிசா எழுதி ஒட்டுங்க. கூடத் தர்ற ஃபோலிக் ஆசிட் எந்தக் கிழமைன்னும் கேட்டு எழுதிக்கோங்க. ரத்த அணுக்கள், கல்லீரல் டெஸ்ட்டுகளைச் சொன்ன தேதியில எடுக்கணும். குடிப்பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, இந்த மருந்தும் சாராயமும் கல்லீரல்ல சேர்ந்து சண்டை போடும்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனமைடுன்னு வேற மருந்துகளும் உண்டு. முதலாவதுக்கு அப்பப்போ கண் பரிசோதனை தேவை. இதுக்கெல்லாம் அடங்கலைன்னா ‘பயாலஜிக்ஸ்’ ஊசிகள். அழற்சியைத் தூண்டுற டி.என்.எஃப். என்கிற புரதத்தைத் தடுத்தா நோய் அடங்கும்னு லண்டன்ல 1990-கள்ல நிரூபிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் லூதியானாவுல பிறந்த ரவீந்தர் மைனி. இன்னொருத்தர் மார்க் ஃபெல்ட்மன். அந்த வகையில வந்த அடாலிமுமாப் ஊசியோட உலகின் முதல் மாற்று வடிவத்தை 2014-ல ஒரு இந்திய நிறுவனம்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை அப்புறம் நிறைய இறங்கிச்சு, ஆனாலும் எல்லாருக்கும் எட்டுற அளவு இல்லை. இந்த ஊசி போடுறதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு கட்டாயம் பார்ப்பாங்க; உடம்புல தூங்கிக்கிட்டு இருக்கிற டிபியை இது எழுப்பிவிடலாம்.

கல்யாணம் பேசுற வீடுகள்ல இந்த நோயை மறைக்கிறது நடக்கிற விஷயம்தான். மறைச்சு, மாத்திரையை நிறுத்தி, ஆறு மாசத்துல கை வீங்கி நிக்கிறதுக்கு, சொல்லிட்டே பண்ணிக்கலாம். முடக்குவாதம் இருக்கிற பெண்கள் குழந்தை பெத்துக்கலாம். ஆனா மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்ளுனமைடும் கருவைப் பாதிக்கும். மாசங்களுக்கு முன்னாடியே திட்டமிட்டு டாக்டர் சொல்படி மருந்தை மாத்தணும். கர்ப்பக் காலத்துல பலருக்கு வலி குறையும், ஹென்ச் பார்த்த அதே அதிசயம். பிரசவத்துக்கு அப்புறம் திரும்பி வரும். பச்சைக் குழந்தையைத் தூக்க முடியாம ஒரு பொண்ணு அழுதா, ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’னு வீட்டுல சொல்லிடறாங்க. அந்த வலி ரெண்டு கை முட்டியிலயும் வீக்கத்தோட இருந்தா, அது பிள்ளை பெத்த உடம்பு இல்லை.

கையோட நிக்காது

மூட்டு நோய்னு பேர். ஆனா உடம்பு முழுக்க உலவும். ரத்தசோகை, தீராத அசதி, கண் வறட்சி, நுரையீரல் தழும்பு, எலும்பு மெலிவு. மாரடைப்பு வாய்ப்பும் மத்தவங்களைவிட ஒன்றரை மடங்கு வரை அதிகம். அதனால சர்க்கரை, கொழுப்பு, பிரஷரை கவனிக்கிறது இங்க ரெட்டிப்பு முக்கியம். பல வருஷமா நோய் இருக்கிறவங்களுக்குக் கழுத்து எலும்பும் தளரலாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட ‘எனக்கு முடக்குவாதம் இருக்கு’ன்னு முதல்லயே சொல்லிடணும்.

வெளியில தெரியாத வலி ஒண்ணு இருக்கு. அந்த அசதியை யாரும் நம்ப மாட்டாங்க. மத்தியானம் சிரிச்சுப் பேசுற ஆளு காலையில கொடத்தைத் தூக்கலைன்னா ‘வேலைக்கு வளையலை’ன்னுதான் பேர் வரும். டென்னிஸ் வீராங்கனை கரோலின் வோஸ்னியாக்கி 2018 ஜனவரியில ஆஸ்திரேலியன் ஓப்பன் ஜெயிச்சார். அதே வருஷம் தனக்கு முடக்குவாதம்னு அறிவிச்சார், அப்போ அவருக்கு 28 வயசு. உலகத்தோட முன்னணி விளையாட்டு வீராங்கனைக்கே காலையில கையைத் தூக்க முடியலைன்னா, உங்கம்மா நடிக்கலைன்னு நம்பலாம்தானே? உலகத்தின் முதல் இதயமாற்று அறுவை சிகிச்சையை 1967-ல செஞ்ச கிறிஸ்டியன் பர்னார்டோட கைகளையும் இந்த நோய்தான் பிடிச்சது. 1983-ல கத்தியைக் கீழ வெச்சார். அவர் காலத்துல இல்லாத மருந்துகள் இன்னிக்கு இருக்கு.

வீட்டுல செய்யக்கூடியது நிறைய இருக்கு. கொடத்தை விரலால தூக்காம முன்கையில அணைச்சுத் தூக்குறது, நிறைகொடத்துக்குப் பதில் ரெண்டு அரைக்கொடம், துணியைப் பிழியாம குழாய்ல சுத்தி அழுத்துறது, கத்திப் பிடியில துணி சுத்தித் தடிமனாக்குறது. பெரிய மூட்டால முடியுற வேலையைச் சின்ன மூட்டுக்குக் கொடுக்கக் கூடாதுங்கிறதுதான் கணக்கு. கிளட்ச் வண்டி ஓட்டுறவங்க ஸ்கூட்டருக்கு மாறலாம். போன்ல டைப் பண்றதைவிட வாய்ஸ் டைப்பிங். காலையில வெந்நீர்ல கையை முக்கிப் பத்து நிமிஷம் விரல்களை விரிச்சு மடக்குறது. ஐஸ் பெட்டியோட அல்லாடுற காசிமேட்டு அம்மாக்கள் கையுறை போட்டுக்கலாம்; குளிர் நோயைக் கொண்டுவராது, ஆனா விறைப்பைக் கூட்டும். மீனைத் தள்ளிவைக்கச் சொல்ற உறவுக்காரங்களைத்தான் தள்ளிவைக்கணும். மத்தி, கானாங்கத்தையில இருக்கிற கொழுப்பு அழற்சியைக் கொஞ்சம் குறைக்க உதவும், குழம்பா வைங்க. தக்காளி, கத்திரிக்காயை எல்லாரும் ஒதுக்கணும்கிறதுக்கு ஆதாரம் இல்லை.

கை ஏற்கெனவே கோணிப்போச்சா? ஸ்டான்லியில கைக்குன்னே ஒரு தனி மறுவாழ்வு மையம் இருக்கு; டாக்டர் ஆர்.வெங்கடசாமி உருவாக்கினது. மெஷின்ல கை மாட்டின தொழிலாளிகளுக்காகப் பேர்பெற்ற இடம். கையை நிமிர்த்திப் பிடிக்கிற ஸ்ப்ளின்ட், பயிற்சி, தேவைப்பட்டா அறுவை சிகிச்சைக்கு ருமட்டாலஜி டாக்டர்கிட்ட அந்தப் பக்கம் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு, 2021 ஆகஸ்ட்ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் கொடுங்க. சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடிச்சாங்கன்னா, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு டாக்டர் சான்றிதழோட வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகிதக் கூலி வாங்க வழியிருக்கு. விரல்கள் நிரந்தரமா செயலிழந்திருந்தா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இயக்கக் குறைபாடா மதிப்பிட்டு, 40 சதவிகிதத்துக்கு மேல இருந்தா சான்றிதழ் தருவாங்க.

ஓ.பி-க்குப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு வேலை இருக்கு. வீக்கம் காலையிலதான் இருக்கும், டாக்டர் பார்க்கும்போது பதினொரு மணி ஆகி வடிஞ்சிருக்கும். அதனால இன்னும் ரெண்டு மூணு நாள் காலையில எழுந்ததும் ரெண்டு கையையும் மேசையில விரிச்சுவெச்சு போட்டோ எடுங்க. முஷ்டி மடக்கச் சொல்லி அம்மாவை ஒரு வீடியோ எடுங்க. விறைப்பு எத்தனை மணிக்கு விட்டுச்சுன்னு குறிங்க. இதுவரை போட்ட எல்லா மாத்திரையோட காலி அட்டையையும், அந்தப் பேரில்லாத கவரையும் சேர்த்து ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.